விலைச்சீட்டில் இல்லாத செலவு: கல்யாணச் சாமான் வாங்கப் போகிறவருக்கு ஒரு பதில்

வள்ளியூர் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். நகை, ஜவுளி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பலசரக்கு எல்லாம் திருநெல்வேலி டவுனிலும் வண்ணாரப்பேட்டையிலும் வாங்கப் போகிறோம். போன வருஷம் அக்காவுக்கு வாங்கும்போது பேசின விலை ஒன்று, பில்லில் வந்தது ஒன்று. பொருள் போட்டுத்தரும் பைக்குக் காசு, கார்டுக்கு 2 சதவீதம், ஏதோ பைல் சார்ஜ் என்று ஏறிக்கொண்டே போனது. இதையெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? எதற்குச் சண்டை போடலாம், எதற்குப் போட முடியாது?"

தம்பி, டவுனில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும். நான் பார்த்தவரை நம்ம ஆட்கள் சண்டை போடுவதெல்லாம் சின்னத் தொகைக்குத்தான். புதிய பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலுக்கு ரெண்டு ரூபாய் கூடக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டு சத்தம் போடுவார்கள். அதே ஆள் நகைக்கடையில் சேதாரம் 18 சதவீதம் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினால், கொடுத்த கலரைக் குடித்துவிட்டுத் தலையாட்டி வருவார். அதனால் பெரிய தொகையிலிருந்து தொடங்குகிறேன். பைக் காசும் சில்லறையும் கடைசியில் வரட்டும்.

நகை. கணக்குக்கு வசதியாக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை வேறாக இருக்கும், விகிதம் இதுதான். ஒரு பவுன் சங்கிலி, 8 கிராம். தங்கத்துக்கு 80,000. சேதாரம் 15 சதவீதம் என்றால் 12,000. ஆக 92,000. இதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 2,760. மொத்தம் 94,760. வாசல் பலகையில் பார்த்த விலைக்கும் கையில் கொடுக்கும் பணத்துக்கும் இடையே பதினாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம். இதில் வரியைக் குறைக்க முடியாது. சேதாரத்தைக் குறைக்கலாம். ஒரு சதவீதம் குறைத்தால் 800 ரூபாய், அதற்கான வரியோடு 824. பதினைந்தைப் பத்தாக்கினால் 4,120 ரூபாய் மிச்சம். இது ஒரே ஒரு பவுனுக்கு. நீங்கள் எத்தனை பவுன் போடப் போகிறீர்கள் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தர் பட்டறையில் கையால் செய்த காலத்தில் அராவும்போதும் உருக்கும்போதும் தங்கம் நிஜமாகவே வீணானது. மெஷினில் இழுக்கும் சங்கிலியில் அவ்வளவு வீணாவதில்லை. இன்றைக்குச் சேதாரத்தில் பெரும்பங்கு கடையின் லாபம்தான். லாபம் வைப்பது தப்பில்லை, கடை வாடகையும் ஆள் சம்பளமும் அதிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் லாபம் என்பதால் பேரம் பேசலாம், அவர்களும் குறைப்பார்கள். சில கடைகள் "சேதாரமே கிடையாது" என்று போர்டு வைத்துவிட்டுச் செய்கூலியில் ஏற்றும். சில கடைகள் செய்கூலி இல்லை என்று சொல்லிச் சேதாரத்தில் ஏற்றும். எதைச் சொன்னாலும் குழம்ப வேண்டாம். வரிக்கு முந்தைய மொத்தத்திலிருந்து தங்கத்தின் விலையைக் கழியுங்கள், மீதி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மூன்று கடையில் அதே மாதிரி டிசைனுக்கு இந்த ஒரு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும், எந்தக் கடை மலிவு என்று தானே தெரிந்துவிடும்.

கல் வைத்த நகையில் இன்னும் கவனம் வேண்டும். 20 கிராம் ஆரத்தில் கல்லும் அரக்கும் சேர்ந்து 2 கிராம் இருந்தால், அந்த 2 கிராமையும் தங்கக் கணக்கில் போட்டால் 20,000 ரூபாய் கல்லுக்குப் போகும். சேதாரமும் வரியும் அதன் மேல் தனி. மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக வரவேண்டும். கல்லுக்குத் தனி விலை போட்டிருந்தால் அது என்ன கல் என்று கேளுங்கள். திருப்பி விற்கும்போது சாதாரணக் கல்லுக்கு ஒரு பைசா தரமாட்டார்கள்.

நகையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22 காரட் 916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் வரும் எச்யுஐடி என்ற அந்த நகைக்கான தனி அடையாளக் குறி ஆகிய மூன்றும் பொறித்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி இல்லாத முத்திரை நகையை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி மாதிரியான உருப்படிகளுக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆறு எழுத்தைப் போட்டால் என்ன வகை நகை, என்ன தரம், எங்கே சோதித்தது என்று வரும். கையில் வளையலை வைத்திருக்கும்போது செயலியில் தோடு என்று வந்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். முத்திரைக் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாயும் அதன் வரியும்தான். அதை நூற்றுக்கணக்கில் போட்டால் ஏன் என்று கேட்கலாம்.

பழைய நகையைப் போட்டுப் புதிது எடுப்பவர்கள் ஒரு இடத்தில் மலைப்பார்கள். ஜிஎஸ்டி, புது நகையின் முழு மதிப்புக்கு வரும். பழசைக் கழித்தபிறகு மிச்சத்துக்கு மட்டும் என்று கிடையாது. இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. ஆனால் பழைய நகையை உள்ளே எடுத்துப்போய் "அழுக்கு, பொடி" என்று எடை குறைத்துச் சொல்வது வேறு விஷயம். உங்கள் கண்முன்னால் தராசில் வைத்து, எடையை ஒரு சீட்டில் எழுதி வாங்கியபிறகுதான் கையைவிட்டு விடவேண்டும். அம்மாவோ சித்தியோ கூட வந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடுங்கள். நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் நகையின் எடை மில்லிகிராம் வரை மனப்பாடம்.

நகைச்சீட்டு போட்டிருந்தால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். "சேதாரம் இல்லை" என்று பெரிய எழுத்தில் இருக்கும், "18 சதவீதம் வரை" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் சேதாரம் உள்ள டிசைனுக்கு மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். தங்கச்சிக்குப் பிடிக்கிற டிசைன் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும்! மாசாமாசம் கட்டிய பணம் அன்றைய விலைக்கு கிராமாக வரவாகிறதா, பணமாகவே நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. விலை ஏறுகிற காலத்தில் பணமாக நின்றால் இழப்பு உங்களுக்கு. ஏன் எல்லாச் சீட்டும் 11 மாசம் என்றால், பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால், 2014-ஆம் ஆண்டு கம்பெனி விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதற்கான கட்டுப்பாடுகளில் மாட்டிக்கொள்ள எந்தக் கடையும் விரும்பாது. ஆனால் அது பேங்க் டெபாசிட் இல்லை, கடை மூடினால் காப்பீடும் இல்லை என்பது உங்கள் பக்கத்துக் கணக்கு.

அடுத்து பிரிட்ஜ், வாஷிங் மெஷின். இங்கேதான் நீங்கள் சொன்ன பைல் சார்ஜ், அதாவது கடன் பேப்பர் போடுவதற்கான கட்டணம், வரும். "வட்டியில்லாத் தவணை" என்கிறார்களே, அதை ஒருதரம் பிரித்துப் பார்ப்போம். பிரிட்ஜ் 36,000, மாசம் 3,000 வீதம் 12 மாசம். கூட்டினால் சரியாக 36,000. வட்டி எங்கே? அதே கடையில் "ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். 33,500 என்பார்கள் என்று வையுங்கள். அந்த 2,500 ரூபாய்தான் வட்டி. தவணையில் எடுத்தால் தள்ளுபடி போய்விடுகிறது. அதோடு பைல் சார்ஜ் 600, அதற்கு 18 சதவீத வரி 108. கேட்காமலே சேர்த்துவிடும் இன்சூரன்ஸோ கார்டுக் கட்டணமோ ஒரு 599. ஆக 33,500 ரூபாய்ப் பொருளுக்கு 37,307 கட்டுகிறீர்கள். அசல் மாசாமாசம் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 21 சதவீத வட்டி. தொகைகள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. கடைக்குக் கடை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் பேங்கே 2013-இல் பேங்குகளுக்குச் சுற்றறிக்கையாக எழுதியிருக்கிறது.

தவணை தப்பு என்று சொல்லவில்லை. கல்யாண நேரத்தில் கையில் ரொக்கம் இருப்பதும் முக்கியம்தான். தெரிந்து எடுங்கள், அவ்வளவுதான். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன் எதுவானாலும் கையெழுத்துக்கு முன்னால் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில், கடன் தரும் நிறுவனம் தரவேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு போட முடியாது. கடையில் உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ் பையன் டேப்லெட்டை நீட்டி "இங்க ஒரு ஓடிபி சொல்லுங்கண்ணே" என்பான். அந்த ஓடிபிதான் உங்கள் கையெழுத்து. அறிக்கை போனில் வந்து, படித்தபிறகு சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கட்டாயம் என்றால் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடும்.

பொருளோடு ஒட்டி வரும் செலவு இன்னொரு பக்கம். வாஷிங் மெஷினுக்கு ஸ்டாண்டு, தண்ணீர்க் குழாய் நீளம் போதாவிட்டால் கூடுதல் குழாய், பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர். ஏசி வாங்கினால் இது பெருகும். வெளியே மாட்டும் இரும்பு ஸ்டாண்டு, கூடவே வரும் செம்புக் குழாய் போக மிச்ச நீளத்துக்கு அடிக்கணக்கில் காசு, சுவரில் துளை, மாட்டுகிற கூலி. "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்றால் ஆள் வருவது மட்டும் இலவசமாக இருக்கும். அப்புறம் டெலிவரி. மாநகராட்சி எல்லைக்குள் இலவசம் என்பவர்கள் வள்ளியூர், களக்காடு, திசையன்விளை என்றால் வண்டி வாடகை கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லவேண்டும். அதனால் பில் போடும் முன் ஒரே கேள்வி: "வீட்டில் இறக்கி, மாட்டி, ஓட்டிக் காட்டுகிறவரை நான் தரவேண்டிய மொத்தம் எவ்வளவு? அதை எழுதிக் கொடுங்கள்." விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி சீல் போட்டாலும் போதும். எழுதிக் கேட்டவுடனே அதுவரை வாயில் வராத ரெண்டு செலவு வெளியே வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

கூடுதல் வாரண்டியை நான் பொதுவாகத் தவிர்ப்பேன். எந்தப் பாகத்துக்கு, என்ன காரணத்துக்கு என்று படித்தால் நமக்கு வரக்கூடிய பழுதில் பாதி அதில் இருக்காது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதுதான் நம்ம ஊர்ப்பக்கம் மெஷினைக் கெடுக்கிறது. அது சேருமா என்று மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜவுளிக்கு வருவோம். ஆடித் தள்ளுபடியோ பொங்கல் தள்ளுபடியோ, 50 சதவீதம் என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், தள்ளுபடி போக மிச்ச விலைக்கு அந்தச் சேலை பெறுமா என்று பாருங்கள். சில கடைகள் தள்ளுபடி விலைக்கு மேல் தனியாக வரி போடும். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை என்பதே எல்லா வரியும் உள்ளடக்கியது. அதில் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு மேலே வரி கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக அந்தக் கூடுதல் வரியை மறுக்கலாம்.

வரி விகிதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடை ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். மாப்பிள்ளைக்குக் கோட் சூட், ஷெர்வானி எடுத்தால் 18 வரும், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் பட்டுச்சேலை தைத்த உடை இல்லை, துணி. முப்பதாயிரம் ரூபாய்ச் சேலைக்கும் 5 சதவீதம்தான். பில் போடும் பையன் மெஷினில் தப்பான வரிசையைத் தட்டி 18 போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் 30,000-க்கு 3,900 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. பில்லில் வரி விகிதம் தனியாக அச்சாகும், ஒரு பார்வை பாருங்கள்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லின் அடியில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். சாயம் போனது, ஜரிகை பிரிந்தது, ஓட்டை இருந்தது என்றால் இது உங்களுக்கு உதவும். வீட்டுக்கு வந்து அத்தைக்குக் கலர் பிடிக்கவில்லை என்றால் உதவாது. அதற்கு, வாங்கும்போதே எத்தனை நாளில் மாற்றலாம் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பலசரக்கில் தொகை சின்னதாகத் தெரியும். கல்யாணத்துக்கு மொத்தமாக வாங்கும்போது சின்னதில்லை. அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் பெயரச்சிட்டுப் பையில் அடைத்த அரிசிக்கு, 25 கிலோ வரை, 5 சதவீத வரி. அதற்கு மேல் போனால் வரியில்லை. அதனால்தான் கடையெல்லாம் 26 கிலோ மூட்டையாக நிற்கிறது. ஐந்து கிலோ, பத்து கிலோப் பைகளாக வாங்கினால் வரியும் பைக் காசும் கிலோவுக்குக் கிலோ ஏறும். பழைய நினைவில் 25 கிலோ என்று மனசுக்குள் வகுத்துவிடாதீர்கள், 26-ஆல் வகுத்து விலையை ஒப்பிடுங்கள்.

எண்ணெயிலும் இப்படித்தான். ஒரு செக்குக் கடையில் கடலை எண்ணெய் லிட்டர் 280, இன்னொன்றில் கிலோ 300 என்றால் எது மலிவு? ஒரு லிட்டர் எண்ணெய் நிறுத்தால் சுமார் 910 கிராம்தான் வரும். ஆக லிட்டர் 280 என்பது கிலோவுக்கு 307 ரூபாய்க்கு மேல். கிலோக் கடைதான் மலிவு. பாக்கெட் எண்ணெயில் ஒரு லிட்டர் மாதிரியே தோற்றத்தில் 850, 800 என்று வருவதும் உண்டு. இந்தத் தொல்லைக்காகத்தான் பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற அலகு விலையை அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. பொடி எழுத்தில் விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் நான் பார்ப்பது அது ஒன்றைத்தான். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை அங்கே அடிக்கடி உடையும். கல்லாவில் ஸ்கேன் செய்யும்போது திரையைப் பாருங்கள். அடுக்கில் ஒட்டியிருக்கும் விலையும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் விலையும் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை.

அண்ணாச்சி கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்கினால் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூட இருக்கலாம். அதை நான் ஒளிந்த செலவாகவே எண்ணமாட்டேன். மாசக் கடைசியில் கையில் காசில்லாதபோது பைல் சார்ஜ் கேட்காமல் அரிசி தருகிறவர் அவர் ஒருவர்தான்.

தாம்பூலத்தோடு அல்வா கொடுக்கப் போகிறீர்களா? நம்ம ஊர்க் கல்யாணம் என்றால் கொடுக்காமல் இருக்கமாட்டீர்கள். கால் கிலோப் பெட்டி 300 எண்ணம் ஆர்டர் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். அட்டைப் பெட்டி 30 கிராம் இருந்து, அதையும் சேர்த்துக் கால் கிலோ நிறுத்தால், 9 கிலோ அட்டையை நெய் அல்வா விலைக்கு வாங்குகிறீர்கள்! எடை என்றால் உள்ளே இருக்கும் பண்டத்தின் எடைதான், உறையின் எடை அதில் சேரக் கூடாது. காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, அப்புறம் அல்வாவை வைக்கச் சொல்லுங்கள். ஒரு பொத்தான்தான். நல்ல கடையில் சொல்லாமலே செய்வார்கள். ஆர்டர் கொடுக்கும்போது "நிகர எடை 250 கிராம், பெட்டிக்கு எவ்வளவு" என்று தனித்தனியாகப் பேசிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை. பாளை மார்க்கெட்டில் காய்கறி மொத்தமாக எடுக்கும்போதும் தராசு வெறுமையாக இருக்கையில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒருமுறை அரசு முத்திரை போடவேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

இனி நீங்கள் கேட்ட சில்லறை விஷயங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "கூலிங் சார்ஜ்" என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஸ்டேஷனில் ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். இருபதை நீட்டினால் ஆறு ரூபாய் திரும்ப வரவேண்டும். பத்து ரூபாய் நாணயத்தை வாங்கமாட்டோம் என்பதும், ஒரு ரூபாய்க்கு மிட்டாய் தருவதும் நம்ம ஊர்ப் பழக்கமே தவிர விதி இல்லை. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் பேங்க் 2018-இலேயே சொல்லிவிட்டது.

பைக்குக் காசு கேட்கலாமா என்றால், முன்கூட்டித் தெரியப்படுத்தாமல் கல்லாவில் வந்து நின்றபிறகு கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு பெரிய கடைச் சங்கிலி மீதான வழக்கில் சொன்னது. அதற்கு முந்தின வருஷம் சண்டிகரில் 3 ரூபாய்க் காகிதப் பைக்காக ஒரு செருப்புக் கம்பெனி 9,000 ரூபாய் தரவேண்டி வந்தது. வாசலிலேயே போர்டு வைத்திருந்தால் நீங்கள் பை கொண்டுபோயிருக்க வேண்டும் என்று அர்த்தம். நம்ம வீட்டில் கல்யாணத் தாம்பூலப் பைக்கா பஞ்சம்? நாலைந்தை மடித்து வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். போன் நம்பர் சொன்னால்தான் பில் போடுவோம் என்பதற்கும் அடிபணிய வேண்டாம். அப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

கார்டுக்கு 2 சதவீதம் பற்றி. டெபிட் கார்டு என்றால் அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது, கடைகள் அப்படிச் செய்யாமல் பேங்குகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2017 டிசம்பரில் ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டது. கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ-க்குக் கடைக்கே கட்டணம் இல்லை, உங்களிடம் கேட்க இடமே இல்லை. கிரெடிட் கார்டில்தான் இழுபறி. நகைக்கடையில் பேரம் முடிந்தபிறகு கார்டை நீட்டினால், குறைத்த சேதாரத்தை அந்த 2 சதவீதத்தில் திரும்ப எடுத்துவிடுவார்கள். 5 லட்சத்துக்கு அது 10,000 ரூபாய். பேச்சு தொடங்கும்போதே "கார்டில்தான் தருவேன், அதற்குத் தனியாகக் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

இத்தனைக்கும் பில் இருந்தால்தான் மதிப்பு. "ஜிஎஸ்டி இல்லாமல் எஸ்டிமேட் சீட்டில் போட்டுத்தரவா?" என்று கேட்பார்கள், ஆசையாகவும் இருக்கும். அந்தத் துண்டுச் சீட்டில் கடைப் பெயர் கூட இருக்காது. தங்கத்தில் 3 சதவீதம் மிச்சம் பிடிக்கப்போய், தரம் குறைந்தால் கேட்கும் உரிமையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். இன்னொரு வகை இருக்கிறது. கம்போசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டத்தில், இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கவே கூடாது. அந்த விவரம் அவர்கள் பில்லிலேயே இருக்க வேண்டும். ஜிஎஸ்டி என்று தனி வரியில் தொகை போட்டிருந்தால் அந்த 15 இலக்க எண்ணையும் பாருங்கள், தமிழ்நாட்டுக் கடைக்கு 33-இல் தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி வாங்கினால் அது வரி இல்லை, அவர் எடுத்துக்கொள்வது.

கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்றால் முதலில் கடை மேனேஜரிடம் பில்லைக் காட்டுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடியும், கல்யாணக் கூட்டம் கடையில் நிற்கும்போது அவர்களும் சத்தத்தை விரும்பமாட்டார்கள். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழில் பேசலாம். எடைக்கும் அச்சிட்ட விலைக்கும் தொழிலாளர் துறை. அதற்கும் மேல் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே, மனுப் போடலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் வழியாகவும் போடலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷ அவகாசம் உண்டு. அந்த இரண்டு வருஷத்தில் மெஷினில் அச்சிட்ட பில்லின் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும், அதனால் கடை வாசலைத் தாண்டும் முன்னே பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் படம் எடுத்து, தங்கச்சி போனுக்கும் ஒன்று அனுப்பி வைத்துவிடுங்கள்.